தென் வியட்நாம் கால்பந்து அணி: நாடே இல்லாமல் போன பிறகு சாதனை யாருக்குச் சொந்தம்?

2019 டிசம்பர் 10. மணிலாவின் ரிசால் நினைவு மைதானத்தில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். வியட்நாம் இந்தோனேசியாவை 3–0 என்று வென்றது. தென்கொரியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் பார்க் ஹாங் சோ இரண்டாம் பாதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். அதனால் கொண்டாட்டம் குறையவில்லை. மறுநாள் செய்திகளில் ஒரே வரிதான்: அறுபதாண்டுக் காத்திருப்பு முடிந்தது.

அறுபதாண்டு என்றால் கணக்கு 1959-இலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு பாங்காக்கில் தங்கம் வென்றது இன்றைய வியட்நாம் அல்ல. சைகோனைத் தலைநகராகக் கொண்டிருந்த வியட்நாம் குடியரசு, அதாவது நாம் தென் வியட்நாம் என்று சொல்லிப் பழகிய நாடு. 1975-இல் அந்த நாடு வீழ்ந்தது. அதை வீழ்த்தியது ஹனோயில் இருந்த வட வியட்நாம். இன்றைய வியட்நாம் அரசு ஹனோய் அரசின் தொடர்ச்சி. அப்படியானால் தோற்றுப்போன நாட்டின் தங்கப்பதக்கத்தை, அந்த நாட்டைத் தோற்கடித்தவர்களின் அணி எப்படித் தன் கணக்கில் வைத்துக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. "வியட்நாம் 2007-இல்தான் முதன்முதலாக ஆசியக் கோப்பையில் ஆடியது" என்பார் ஒருவர். "இல்லை, 1956-இலேயே நான்காம் இடம்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதியைப் புரிந்துகொள்ள, தேசிய அணி என்பது என்ன என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தேசிய அணி யாருடைய அணி?

நாட்டின் அணி என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் கால்பந்தின் நிர்வாகக் கணக்கில் அப்படி இல்லை. உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா அமைப்பில் நாடுகள் உறுப்பினர் இல்லை, கால்பந்துச் சங்கங்களே உறுப்பினர்கள். ஒரு சங்கம் என்பது ஒரு பகுதியின் கால்பந்தை நடத்தும் பொறுப்பை ஏற்று, ஃபிஃபாவில் பதிவு செய்துகொண்ட அமைப்பு. அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பும் அணிதான் தேசிய அணி. தனி நாடாக இல்லாத ஹாங்காங்குக்கும் ஸ்காட்லாந்துக்கும் தேசிய அணி இருப்பது இதனால்தான்.

ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஆறு. தென்கரையில் ஒரு இளைஞர் மன்றம். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சந்தா கட்டிப் பதிவு செய்து, வருடா வருடம் மாவட்டப் போட்டியில் ஆடுகிறது. வடகரையிலும் நன்றாக ஆடுகிற பையன்கள் உண்டு. ஆனால் அவர்கள் மாவட்டப் போட்டிக்கு வருவதில்லை; வேறு ஊர்களில் தங்களுக்கு வேண்டியவர்கள் நடத்தும் போட்டிகளுக்குத்தான் போவார்கள். இரு கரைக்கும் நீண்ட காலப் பகை. ஒருநாள் வடகரை ஜெயித்துவிடுகிறது. ஊர் ஒன்றாகிறது, மன்றத்துச் சாவி வடகரைக்காரர்கள் கைக்கு வருகிறது. இப்போது மாவட்டச் சங்கத்தின் பதிவேட்டைத் திறந்தால் ஊர்ப்பெயருக்கு நேரே என்ன இருக்கும்? தென்கரைப் பையன்கள் ஆடிய ஆட்டங்கள், வாங்கிய கோப்பைகள். வடகரை ஆடியது எதுவும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

வியட்நாமில் நடந்தது ஏறக்குறைய இதுதான். போரில் வென்றவர்கள் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். சர்வதேசக் கால்பந்துப் பதிவேட்டில் இருந்ததோ தோற்றவர்களின் வரலாறு.

சுருக்கமாக: தேசிய அணியை வைத்திருப்பது சங்கம். நாடு மாறும்போது சங்கத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தே சாதனைகளின் கணக்கும் அமைகிறது.

பதிவேட்டில் பெயர் ஏறிய விதம்

1949-இல் பிரெஞ்சு ஆதரவோடு, முன்னாள் பேரரசர் பாவோ தாயைத் தலைவராக வைத்து வியட்நாம் அரசு என்ற ஒன்று உருவானது. முழு வியட்நாமுக்கும் தானே அரசு என்று அது உரிமை கொண்டாடியது. அதே ஆண்டில் அதன் கால்பந்து அணியும் பிறந்தது. 1952-இல் அதன் சங்கம் ஃபிஃபாவில் சேர்ந்தது. அப்போது நாடு 17-ஆவது அகலாங்குக் கோட்டில் பிரிக்கப்படவில்லை. அதனால் பதிவேட்டில் அது வியட்நாமின் இடமாகவே ஏறியது.

அடுத்து 1954. மே 7 அன்று தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. மறுநாள், மே 8, மணிலாவில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கிய சங்கங்களில் இந்தியா உண்டு, பர்மா உண்டு, வியட்நாமும் உண்டு. ஒரு காலனி ஆட்சி நொறுங்கிய மறுநாளே அதன் நிழலில் பிறந்த அரசின் சங்கம் கண்ட அளவிலான அமைப்பு ஒன்றில் நிறுவன உறுப்பினராகிறது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். நாடு இரண்டானது. 1955-இல் தெற்கில் வியட்நாம் குடியரசு அறிவிக்கப்பட்டது. கால்பந்துச் சங்கத்தின் இடம் சைகோனிலேயே இருந்துவிட்டது.

வடக்கில் கால்பந்து இல்லாமல் இல்லை. 1954-இல் தொடங்கிய தே காங் என்ற ராணுவ அணி அங்கே பெரிய பெயர். வட வியட்நாமுக்கென்று தேசிய அணியும் இருந்தது. ஆனால் அது ஆடியது பெரும்பாலும் சோஷலிச நாடுகளோடு. ஒலிம்பிக்குக்கு மாற்றாக இந்தோனேசியா 1963-இல் ஜகார்த்தாவில் நடத்திய கனேஃபோ போட்டியில் அது கலந்துகொண்டது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலோ ஆசியக் கோப்பையிலோ அது ஆடியதே இல்லை. தகுதிச்சுற்று என்பது பெரிய போட்டியில் இடம்பிடிக்க முன்கூட்டியே நடக்கும் ஆட்டங்கள். ஆக, 1975 வரை அந்தப் போட்டிகளின் ஆவணங்களில் வியட்நாம் என்று எங்கே பார்த்தாலும் அது தெற்குதான்.

"ஆசியாவில் நான்காம் இடம்" என்றால்?

தென் வியட்நாமைப் பற்றி அதிகம் சொல்லப்படும் பெருமை இது: முதல் இரண்டு ஆசியக் கோப்பைகளிலும் நான்காம் இடம். கேட்டால் அரையிறுதி வரை போன அணி போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு.

1956-இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியக் கோப்பையில் மொத்தமே நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை மோத வேண்டும், புள்ளிகளை வைத்து வரிசை. இதை ரவுண்ட் ராபின் முறை என்பார்கள். தென் வியட்நாம் இஸ்ரேலிடம் 1–2, தென்கொரியாவிடம் 3–5 என்று தோற்றது. ஹாங்காங்கோடு 2–2 சமன். அதாவது ஒரு புள்ளி, கடைசி இடம். அதற்காக இதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கோப்பையை வென்ற தென்கொரியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட அணி அது. தகுதிச்சுற்றில் மலாயாவைத் தாண்டி வந்திருந்தது. இஸ்ரேலோ, எதிரணிகள் விலகிக்கொண்டதால் தகுதிச்சுற்றில் ஆடாமலேயே உள்ளே வந்தது.

1960-இல் சோலில் நடந்த இரண்டாவது ஆசியக் கோப்பை மோசமாகப் போனது. மறுபடியும் நான்கு அணிகள். தென்கொரியாவிடம் 1–5, இஸ்ரேலிடம் 1–5, தைவானிடம் 0–2. இரண்டு கோப்பைகளையும் சேர்த்தால் ஆறு ஆட்டம், ஒரு சமன், ஐந்து தோல்வி. வெற்றி ஒன்றுகூட இல்லை. நான்காம் இடம் என்பது பொய்யில்லை. ஆனால் எத்தனை அணிகளில் நான்காவது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் கேட்பவருக்குத் தவறான படம்தான் கிடைக்கும்.

அந்த அணியின் உண்மையான பலம் எங்கே தெரிந்தது?

ஆசியக் கோப்பைக்கு வெளியே. முதலில் 1959.

தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி என்ற பெயரில் பாங்காக்கில் முதல் தடவையாக ஒரு போட்டி நடந்தது. இன்றைய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்கம் அதுதான். கால்பந்து இறுதி ஆட்டத்தில், தாய்லாந்து மண்ணில் தாய்லாந்தையே 3–1 என்று தென் வியட்நாம் வென்றது. ஃபாம் வான் ராங் அந்த அணியின் கோல்கீப்பர். வியட்நாமின் பழைய ரசிகர்கள் இன்றும் தங்கள் நாட்டின் சிறந்த கோல்கீப்பர் பட்டியலில் அவர் பெயரைத் தவறாமல் சேர்ப்பார்கள்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 1959-இல் ஆடியது முழுத் தேசிய அணி. 2001-இலிருந்து தென்கிழக்காசியப் போட்டியின் கால்பந்து வயது வரம்புள்ள போட்டியாகிவிட்டது. 2019-இல் வென்றது 22 வயதுக்குட்பட்டோர் அணி, கூடுதல் வயதுள்ள இருவரோடு. இரண்டும் தங்கம்தான், இரண்டையும் வியட்நாம் மக்கள் ஒரே கோட்டில் வைத்துத்தான் கொண்டாடினார்கள். ஆனால் ஒன்று வயது வரம்பில்லாத முழுத் தேசிய அணி, மற்றொன்று இளையோர் அணி என்பதைச் செய்திகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிட்டன.

அப்புறம் 1962. இதை நம் ஊர்க் கால்பந்து ரசிகர்கள் கொஞ்சம் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்ற கதை நமக்குத் தெரியும். பயிற்சியாளர் ரஹீம், இறுதியில் தென்கொரியாவுக்கு எதிரான 2–1. அதற்கு முந்தைய அரையிறுதியில் இந்தியா வென்றது யாரை? இந்தத் தென் வியட்நாமைத்தான். 3–2. சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையில் பட்ட காயத்தோடு முன்கள வீரராக இறக்கப்பட்டு அடித்த கோல் அது. இந்தியக் கால்பந்தின் உச்சத்துக்குப் போகிற வழியில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஒதுங்கிய அணி என்று பார்த்தால் தென் வியட்நாமின் தரம் விளங்கும். அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அது மலாயாவிடம் 1–4 என்று தோற்று நான்காவதானது. என்னைக் கேட்டால், பல அணிகளுக்கு நடுவே கிடைத்த இந்த நான்காம் இடம்தான் பேசத்தக்கது. ஆசியக் கோப்பையின் இரண்டு நான்காம் இடங்களையும் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

அதைவிடப் பெரியது 1966. மலாயாவின் விடுதலையை ஒட்டி 1957-இல் தொடங்கிய மெர்டேக்கா கோப்பை அந்நாளில் ஆசிய அணிகள் ஆண்டுதோறும் எதிர்பார்த்த போட்டி. இந்தியாவும் பலமுறை போயிருக்கிறது. கோலாலம்பூரின் மெர்டேக்கா மைதானத்தில் நடந்த 1966 இறுதி ஆட்டத்தில் தென் வியட்நாம் 1–0 என்று பர்மாவை வென்றது. அந்தக் காலத்துப் பர்மா இன்றைய மியான்மர் அணியைப் போன்றது அல்ல. 1966-இலும் 1970-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற, ஆசியாவே அஞ்சிய அணி. கேப்டன் ஃபாம் ஹுயின் தாம் லாங். பயிற்சியாளர் கார்ல் ஹைன்ஸ் வைகாங் என்ற ஜெர்மானியர். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவர்கள் யாரும் கால்பந்து மட்டுமே ஆடிப் பிழைத்தவர்கள் அல்ல. சைகோனின் அணிகள் சுங்கத்துறை, காவல்துறை, ராணுவத் தலைமையகம், வங்கி என்று அலுவலகங்களைச் சார்ந்தவை. நம்மூரில் ரயில்வே டீம், போலீஸ் டீம், பேங்க் டீம் இருந்தது போலத்தான். தாம் லாங்கே பின்னாளில் ஒரு வங்கியின் அணிக்கு ஆடினார்.

பிறகு போர் நெருங்கியது. அதோடு அணியின் வாய்ப்புகளும் சுருங்கின. ஆனாலும் 1967-இலும் 1973-இலும் தீபகற்ப விளையாட்டின் இறுதி வரை போனது. இரண்டு முறையும் பர்மாவிடம் தோல்வி, 1973-இல் 2–3. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அது கலந்துகொண்டது ஒரே ஒரு தடவைதான், 1974 கோப்பைக்காக. பாரிஸ் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு மாதம் ஆன நிலையில், 1973 மேயில் சோலில் ஆட்டங்கள். தாய்லாந்தை 1–0 என்று வென்றது. ஜப்பானிடம் 0–4, ஹாங்காங்கிடம் 0–1. உலகக் கோப்பை வரலாற்றில் தென் வியட்நாமின் பங்கு இந்த மூன்று ஆட்டங்களோடு முடிகிறது.

1975 மார்ச்சில் அணி பாங்காக்கில் இருந்தது, அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று ஆட. அதே மாதத்தில்தான் வடக்கின் படைகள் மத்திய மேட்டுநிலத்தைப் பிடித்தன. ஹுவேயும் தா நாங்கும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஏப்ரல் 30-இல் சைகோன். இப்படி ஓர் அணி வெளிநாட்டு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே அதன் நாடு காலடியில் கரைந்துகொண்டிருந்தது.

இதுவரை: ஃபிஃபாவின் பதிவேட்டில் வியட்நாமுக்கான இடம் சைகோனிடம் இருந்தது. ஆசியக் கோப்பை நான்காம் இடங்கள் காதுக்குப் பெரிதாகக் கேட்பவை. 1959, 1962, 1966 ஆகிய மூன்றும்தான் அந்த அணியின் சரியான அளவுகோல்.

மூன்று விதமான சொத்து

ஓர் அணி மறையும்போது அடுத்தவருக்குப் போவது ஒன்றல்ல, மூன்று. குழப்பம் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருகிறது.

முதலாவது உறுப்பினர் இடம். ஃபிஃபாவில் இருந்த நாற்காலியில் இனி யார் உட்காருவது என்பது. இரண்டாவது சாதனைக் கணக்கு. பழைய ஆட்டங்களும் கோல்களும் பதக்கங்களும் யார் பெயருக்கு நேரே எழுதப்படும் என்பது. அப்படிப் பழைய அணியின் கணக்கைப் பெறும் புதிய அணியை வாரிசு அணி என்பார்கள். மூன்றாவது ஆட்கள். வீரர்கள், பயிற்சியாளர்கள், அவர்களோடு போகிற ஆட்டமுறையும் பழக்கமும்.

சில நாடுகளில் மூன்றும் ஒரே பக்கம் போய்விடும். மலாயா 1963-இல் சிங்கப்பூர், சபா, சரவாக்கோடு சேர்ந்து மலேசியா ஆனது. கோலாலம்பூரின் நாற்காலி அங்கேயே இருந்தது. 1962-இல் மலாயா வென்ற வெண்கலத்தை இன்று மலேசியாவின் பதக்கம் என்று எழுதினால் யாரும் மறுப்பதில்லை. 1938 உலகக் கோப்பையில் ரைம்ஸ் நகரில் ஹங்கேரியிடம் 0–6 என்று தோற்ற டச்சுக் கிழக்கிந்திய அணியின் ஒற்றை ஆட்டம் இந்தோனேசியாவின் கணக்கில் இருக்கிறது.

ஜெர்மனியில் வேறு மாதிரி. 1990-இல் நாடு ஒன்றானபோது மேற்கு ஜெர்மனியின் சங்கம் அப்படியே தொடர்ந்தது, கிழக்கின் சங்கம் கலைந்து அதற்குள் வந்து சேர்ந்தது. 1954, 1974, 1990 உலகக் கோப்பைகள் இன்றைய ஜெர்மனியின் கணக்கில் உள்ளன. கிழக்கு ஜெர்மனியின் கணக்கு தனியாக மூடப்பட்டது. 1974 உலகக் கோப்பையில் கிழக்கு, மேற்கை 1–0 என்று வென்றதே, அது இன்றைய ஜெர்மனிக்கு வெற்றியாக எழுதப்படுவதில்லை, தோல்வியாகத்தான் எழுதப்படுகிறது. ஆனால் மத்தியாஸ் சாமர் போன்ற கிழக்கின் வீரர்கள் ஒன்றுபட்ட அணிக்கு வந்து ஆடினார்கள். அதாவது கணக்கு மூடிவிட்டது, ஆட்கள் தொடர்ந்தார்கள்.

ஜெர்மனியில் அரசியலில் மேலோங்கிய பக்கமும் கால்பந்து நாற்காலி தொடர்ந்த பக்கமும் ஒன்று. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. வியட்நாமில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். ஆட்சி வடக்கிலிருந்து வந்தது, பதிவேட்டில் இருந்த பக்கங்கள் தெற்கினுடையவை. அந்த இடத்தை நிராகரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால், வியட்நாம் ஆசியக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர் என்பதும் போகும், 1959 தங்கமும் போகும். ஏற்றுக்கொண்டால், எதிரி என்று சொல்லிப் போரிட்ட ஓர் அரசின் கொடியின் கீழ் வென்ற பதக்கத்தைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் நடந்தது இரண்டாவதுதான். பல புள்ளிவிவரப் பட்டியல்களில் பழைய ஆட்டங்கள் வியட்நாம் பெயரின்கீழேயே வருகின்றன. வேறு பல பட்டியல்கள் தென் வியட்நாமைத் தனி அணியாகப் பிரித்துக் காட்டுகின்றன. இணையத்தில் இருவர் மோதிக்கொள்வது பெரும்பாலும் ஆளுக்கொரு பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான்.

ஆட்கள் வழியாக ஓடிய தொடர்ச்சி

மூன்று சொத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது.

சைகோன் வீழ்ந்த பிறகு தாம் லாங் நாட்டிலேயே இருந்தார். புதிதாக அமைந்த சைகோன் துறைமுக அணியில் சேர்ந்தார். 1976 நவம்பர் 7-இல் ஓர் ஆட்டம் நடந்தது. வியட்நாம் கால்பந்தில் அதற்கு இணையான இன்னோர் ஆட்டத்தைச் சொல்ல முடியாது. ஹனோயிலிருந்து ரயில்வே அணி தெற்கே வந்தது, சைகோன் துறைமுக அணியோடு மோதியது. முன்பு குடியரசு மைதானம் என்று பெயர் கொண்டிருந்து, ஒருங்கிணைப்பு மைதானம் என்று மாற்றப்பட்ட அதே இடம். பார்வையாளர்கள் நிரம்பி வழிந்தார்கள். இருபதாண்டாக ஒருவரையொருவர் பார்த்திராத இரு கால்பந்துகள் முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றன. போர் முடிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ரயில்வே 2–0 என்று வென்றது. கோல் அடித்தவர்களில் ஒருவர் மாய் டுக் சுங். 2023-இல் வியட்நாம் பெண்கள் அணி முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியபோது அதன் பயிற்சியாளராக நின்றவர் இவரேதான். 1980-இல் தொடங்கிய தேசிய சாம்பியன்ஷிப்பின் முதல் பட்டத்தையும் ரயில்வே அணிதான் வென்றது.

தாம் லாங் பிறகு சைகோன் துறைமுக அணியின் பயிற்சியாளரானார். 1986, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் அவர் தலைமையில் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. மெர்டேக்கா கோப்பையைத் தூக்கிய கேப்டன், அந்த நாடு மறைந்து பதினோர் ஆண்டு கழித்து ஒன்றுபட்ட நாட்டின் சாம்பியன் அணியை உருவாக்குகிறார். 2014-இல் அவர் இறந்தபோது வடக்கு தெற்கு என்று பார்க்காமல் கால்பந்து உலகம் அஞ்சலி செலுத்தியது.

தேசிய அணி திரும்பி வர இன்னும் நாளானது. 1989-இல் இன்றைய வியட்நாம் கால்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது. 1991 நவம்பரில் தென்கிழக்காசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸோடு 2–2 என்று சமன் செய்ததுதான் ஒன்றுபட்ட அணியின் மறுவருகை. இதுவும் மணிலாவில்தான். 1995-இல் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் அணி இறுதிக்கு வந்து, தாய்லாந்திடம் 0–4 என்று தோற்று வெள்ளி பெற்றது. 1996-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கோப்பையில் மூன்றாம் இடம்.

1995-இல் அந்த அணியின் பயிற்சியாளர் யார்? கார்ல் ஹைன்ஸ் வைகாங். 1966-இல் சைகோனின் அணியைக் கோலாலம்பூரில் வெல்ல வைத்தவர், இடையில் மலேசிய அணிக்கும் பயிற்சி கொடுத்தவர், ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து ஹனோய் அழைத்து அதே வேலையில் அமர்கிறார். சாதனைக் கணக்கு யாருடையது என்ற வழக்கைப் பட்டியல்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளட்டும். புதிய அணிக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் பழைய அணியின் பயிற்சியாளர் என்பதை எந்தப் பட்டியலாலும் மாற்ற முடியாது.

அப்படியானால் எப்படி எழுதுவது?

வியட்நாம் கால்பந்தைப் பற்றி எதையாவது படிக்கும்போது முதலில் ஆண்டைப் பாருங்கள். 1975-க்கு முந்தைய ஆசியக் கோப்பை, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, ஆசிய விளையாட்டு என்றால் அது சைகோனின் அணி. கனேஃபோ என்றோ சோஷலிச நாடுகளின் போட்டி என்றோ இருந்தால் ஹனோயின் அணி. 1991-இலிருந்து ஒன்றுபட்ட அணி. இடைப்பட்ட ஆண்டுகளில் வியட்நாம் பெரிய போட்டிகளில் ஆடவில்லை.

ஆசியக் கோப்பையில் வியட்நாம் எத்தனை முறை ஆடியது என்று கேட்டால், 2007, 2019, 2023 ஆகிய மூன்று முறை என்று சொல்லலாம். 2007-இல் போட்டியை நடத்திய நாடுகளில் ஒன்றாகக் காலிறுதிக்குப் போய் ஈராக்கிடம் தோற்றது. அந்த ஈராக்தான் பிறகு கோப்பையை வென்றது. 2019-இலும் காலிறுதி, ஜப்பானிடம் 0–1. 1956, 1960 இரண்டையும் சேர்த்தால் ஐந்து முறை. மூன்று என்பவரும் சரி, ஐந்து என்பவரும் சரி. ஐந்து என்று எழுதுபவர் முதல் இரண்டுக்குப் பக்கத்தில் தென் வியட்நாம் என்று குறிக்க வேண்டும். மூன்று என்று எழுதுபவர் ஒன்றுபட்ட வியட்நாம் என்று குறிக்க வேண்டும்.